பேங்க்ல இருக்குற பணமெல்லாம் நம்ம பணம் இல்ல

“ஏம்மா, உங்க பேலன்ஸ் ஷீட்ல 38 லட்சம் இருக்கே, அப்புறம் எதுக்கு டொனேஷன் கேக்குறீங்க?”

போன வருஷம் எங்க ட்ரஸ்டோட ஆண்டறிக்கைய படிச்சிட்டு ஒரு பெரியவர் போன்ல கேட்டது இது. ரொம்ப நல்ல மனுஷர், ரிட்டயர் ஆன பிறகும் வருஷா வருஷம் அவங்க அம்மா நினைவு நாளுக்கு தவறாம பணம் அனுப்புறவரு, ஆண்டறிக்கைய கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிற ரொம்பக் கொஞ்சப் பேர்ல ஒருத்தர். “அதெல்லாம் வேற வேற ப்ராஜெக்டுக்கு வந்த பணம் சார்”னு சொன்னேன், அவரும் “சரிம்மா”ன்னு வச்சிட்டாரு. ஆனா அந்தக் கேள்வி என்னை விடல. ஏன்னா அதுக்குள்ள ஒரு நம்பிக்கை இருக்கு, அவருக்கு மட்டும் இல்ல, இந்த ஊர்ல தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்குற பெரும்பாலானவங்களுக்கும் இருக்கு: நல்ல ட்ரஸ்ட்னா வந்த காசு எல்லாத்தையும் அந்த வருஷமே செலவு பண்ணிட்டு மார்ச் 31 அன்னிக்கு கை காலியா நிக்கணும், கையில மிச்சம் இருந்தா அது உண்மையா தேவைப்படுற ட்ரஸ்ட் இல்ல. நான் இதை அடியோட மறுக்குறேன். அடுத்த ஆறு மாசத்துக்குக் கையில எதுவும் இல்லாத ட்ரஸ்ட், புள்ளைங்ககிட்ட கொடுத்த வாக்கக் காப்பாத்த முடியாத ட்ரஸ்ட். இதை ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னு கொஞ்சம் நீளமாவே எழுதணும்.

எங்களோடது சின்ன ட்ரஸ்ட். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் சாயங்கால படிப்பு சென்டர் நடத்துறோம், கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்க அஞ்சரை மணிக்கு வருவாங்க, ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுட்டு எட்டு மணி வரைக்கும் படிப்பாங்க. வாடகை ரூம்கள், அதே ஏரியால இருந்து படிச்சு வந்த பொண்ணுங்கதான் டீச்சர்ங்க. நான் ஆபீஸ் வேலை முடிஞ்ச நேரத்துல இவங்களுக்கு பட்ஜெட் போட்டுக் கொடுக்குறேன்.

பணம் வர்ற மாசம், செலவாகுற மாசம்

பட்ஜெட்னா எல்லாரும் மொத்தத் தொகையத்தான் பாக்குறாங்க. வருஷத்துக்கு இவ்வளவு வரவு, இவ்வளவு செலவு, ரெண்டும் சமமா இருந்தா சந்தோஷம். சம்பளம் வாங்குற வீட்டுக்கு அது ஓரளவு சரியா இருக்கும், எங்கள மாதிரி இடத்துக்கு சுத்தமா சரியா வராது. புள்ளைங்களுக்கு ஜூன்ல ஸ்கூல் திறக்குது, நோட்டு, புது சென்டர் வாடகை அட்வான்ஸ், டீச்சருக்கு ட்ரெய்னிங்னு செலவு எல்லாம் ஜூன், ஜூலைல வந்து குவியும். பெரிய கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்க சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும், அந்த சிஎஸ்ஆர் பணம் எப்போ வரும்? அவங்க கணக்கு முடிஞ்சு, கமிட்டி கூடி, அக்ரிமென்ட் டிராஃப்ட் நாலு தடவை போய் வந்து, செப்டம்பர் அக்டோபர்ல கையெழுத்தாகும், முதல் தவணை நவம்பர்ல வந்தா அதிர்ஷ்டம். அப்புறம் பிப்ரவரி, மார்ச்ல திடீர்னு போன் வரும், “எங்ககிட்ட கொஞ்சம் பேலன்ஸ் இருக்கு, மார்ச் 31க்குள்ள வாங்கிக்க முடியுமா?”ன்னு. முடியாதுன்னு எந்த ட்ரஸ்ட் சொல்லும்? அப்படி வந்த பணம் மார்ச் 31 அன்னிக்கு பேங்க்ல உக்காந்திருக்கும், பேலன்ஸ் ஷீட்ல பளிச்சுன்னு தெரியும், ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் நாங்க தவிக்கிற தவிப்பு அதுல எங்கயும் தெரியாது.

இதுல பெரிய வருத்தம் என்னன்னா சட்டம் கம்பெனிங்கள இப்படி அவசரப்படுத்தல. கம்பெனிகள் சட்டம் 2013ல 135வது பிரிவு சொல்றது, முந்தின மூணு வருஷ நிகர லாபத்தோட சராசரில 2 சதவீதம் செலவு பண்ணணும். பல வருஷம் ஓடுற ப்ராஜெக்டா இருந்தா, அந்த வருஷம் செலவாகாத தொகைய ஏப்ரல் 30க்குள்ள தனி அக்கவுன்ட்ல போட்டுட்டு அடுத்த மூணு நிதியாண்டுக்குள்ள செலவு பண்ணலாம், 2021ல இருந்தே இந்த வழி இருக்கு. ஆனா பல கம்பெனில இதைப் பத்திப் பேசினா “அதெல்லாம் காம்ப்ளிகேட்டட் ஆகிடும், இந்த வருஷமே முடிச்சிடலாம்”னுதான் சொல்றாங்க. நான் இப்போ முதல் மீட்டிங்லயே கேட்டுடுறேன், இதை ஆன்கோயிங் ப்ராஜெக்ட்னு, அதாவது பல வருஷம் ஓடுறதுன்னு, உங்க கம்பெனி போர்டுல பாஸ் பண்ணித் தர முடியுமான்னு. சில பேர் முடியும்னு சொல்லியிருக்காங்க.

அந்த மூணு வருஷ சராசரிங்கிறது எங்களுக்கு இன்னொரு வகைல உதவுது. நிச்சயமில்லாத காலம்னு எல்லாரும் பொதுவா சொல்றோம், ஆனா எல்லாமே ஒரே அளவுக்கு நிச்சயமில்லாம இல்ல. ஒரு கம்பெனிக்கு இந்த வருஷம் லாபம் சரிஞ்சா அவங்க சிஎஸ்ஆர் தொகை உடனே பாதியாகிடாது, சராசரிங்கிறதால கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும். லிஸ்டட் கம்பெனின்னா அவங்க ஆண்டறிக்கைய டவுன்லோட் பண்ணி மூணு வருஷ லாபத்தப் பாத்தா அடுத்த வருஷம் அவங்க கையில தோராயமா எவ்வளவு இருக்கும்னு நாமளே கணக்குப் போட்டுடலாம். அந்தப் பணம் நமக்கு வருமாங்கிறது வேற விஷயம், ஆனா அவங்ககிட்ட இருக்குமா இருக்காதாங்கிற பாதி இருட்டு விலகிடும்.

ஒண்ணு பின்னாடி ஒண்ணா

2020ல இருந்து எங்கள மாதிரி ட்ரஸ்டுங்க பாத்தத யோசிச்சா தலை சுத்தும். மார்ச் 24 ராத்திரி லாக்டவுன் அறிவிச்சாங்க, மார்ச் 28 கொரோனா நிவாரணத்துக்குன்னு பிஎம் கேர்ஸ் ஃபண்ட் வந்துச்சு, அதுக்குக் கொடுக்குறதும் சிஎஸ்ஆர் கணக்குல வரும்னு சொல்லிட்டாங்க. எங்களுக்கு ஏப்ரல்ல தர்றதா சொல்லியிருந்த ஒரு கம்பெனி, இந்த வருஷ பணம் முழுசும் அங்க போயிடுச்சுன்னு மெயில் போட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியுமா, நாடே பயந்து போயிருந்த நேரம் அது. அதே வருஷம் செப்டம்பர்ல எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குறதுக்கான சட்டத்துல திருத்தம். வெளிநாட்டு நிதி வாங்குற ஒரு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு பிரிச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு ஆச்சு, நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பு 20 ஆச்சு, எல்லாரும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல அக்கவுன்ட் திறக்கணும்னு ஆச்சு. எங்களுக்கு சொந்தமா எஃப்சிஆர்ஏ பதிவு கிடையாது, சென்னைல இருக்குற ஒரு பெரிய நிறுவனம் அவங்களுக்கு வந்ததுல ஒரு பங்கு எங்களுக்குக் கொடுத்துட்டு இருந்தாங்க. ஒரே திருத்தத்துல அந்த வாசல் மூடிடுச்சு. நாங்களும் ஒழுங்கா கணக்கு கொடுத்தோம், அவங்களும் ஒழுங்கா நடந்துக்கிட்டாங்க, வேலையும் நல்லா நடந்துச்சு. அப்படியும் பணம் நின்னுச்சு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். வியாசர்பாடி சென்டர்ல முட்டிக்கு மேல தண்ணி, கீழ் ரேக்ல இருந்த புத்தகம் எல்லாம் ஊறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, சுவிட்ச் போர்டு போச்சு. அந்த வாரம் எங்களுக்கு நல்லாவே டொனேஷன் வந்துச்சு, சென்னை ஜனங்க மழை வெள்ளம்னா கை நீட்டிக் கொடுப்பாங்க, 2015லயும் பாத்தோமே. ஆனா எல்லாமே அரிசி, போர்வை, பாய்க்குன்னு சொல்லிக் கொடுத்த பணம். அதுல இருந்து எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்க முடியாது, கொடுத்தா சொன்ன வார்த்தை தப்பின மாதிரி. ஒரு ட்ரஸ்டி தன் கைக்காசு போட்டு வயரிங் பண்ணாரு.

அப்புறம் 2025 ஜனவரி 20, அமெரிக்கால புது ஜனாதிபதி பதவி ஏத்த அன்னிக்கே வெளிநாட்டு உதவிய 90 நாள் நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டாரு, ஜூலைல அந்த உதவியக் கொடுத்துட்டு இருந்த யுஎஸ்எய்ட் அமைப்பையே மூடியாச்சு. ஹைதராபாத்ல திருநங்கைகளுக்காக நடந்த மித்ர் கிளினிக் மாதிரி இடங்கள் நின்னு போனது பேப்பர்ல வந்துச்சு. என் ஃப்ரெண்ட் ஒருத்தி இந்த ஊர்லயே ஒரு ஹெல்த் ப்ராஜெக்ட்ல இருந்தா, வேலைய நிறுத்துங்கன்னு ஆர்டர் வந்ததும் அந்த வாரத்தோட ஃபீல்டுக்குப் போகாதீங்கன்னு சொல்லிட்டாங்க. மருந்து எடுக்குறவங்ககிட்ட, கவுன்சிலிங் வர்றவங்ககிட்ட போய்ச் சொல்லிட்டு வரக்கூட நேரம் இல்ல. எங்களுக்கு அமெரிக்கப் பணம் ஒரு ரூபா கிடையாது, ஆனாலும் எங்களையும் தொட்டுச்சு, ஏன்னா அந்தப் பணத்த இழந்த பெரிய நிறுவனங்க எல்லாம் நாங்க தட்டுற அதே சிஎஸ்ஆர் கதவத் தட்ட ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு ப்ரொபோசல் எழுதவே தனி டீம் இருக்கு.

போர்டுல எழுதின கணக்கு

இந்த நிலைமைல 2025 ஏப்ரல்ல எங்க ட்ரஸ்டிங்க மீட்டிங். பேங்க்ல 38 லட்சம், அந்தப் பெரியவர் பிறகு ஆண்டறிக்கைல பாத்தாரே, அதே 38 லட்சம்தான். நாலாவது சென்டர் திறக்கலாமாங்கிறதுதான் பேச்சு. பணம் இருக்கு, திறப்போம்னு பெரும்பாலும் முடிவாகிடுச்சு. அப்போ எங்க அக்கவுன்ட்ஸ் பாக்குற அக்கா, பொதுவா மீட்டிங்ல வாயத் திறக்காதவங்க, எழுந்து போய் புள்ளைங்க கணக்குப் போடுற ஒயிட் போர்டு முன்னாடி நின்னாங்க. போர்டுல பாதி வரைக்கும் பின்னம் கணக்கு இருந்துச்சு, அத அழிக்காம ஓரமா எழுத ஆரம்பிச்சாங்க.

மேல 38. அதுக்குக் கீழ 21, மார்ச் கடைசி வாரத்துல டேப்லெட்டும் டிஜிட்டல் கிளாஸும் பண்ண வந்த சிஎஸ்ஆர் பணம், வேற எதுக்கும் தொட முடியாது. அதுக்கும் கீழ 9, ரெண்டு சென்டர் டீச்சர்ங்க சம்பளத்துக்கு மட்டும்னு வந்தது, மிச்சம் இருந்தா திருப்பித் தரணும்னு அக்ரிமென்ட். அப்புறம் 4, ஒருத்தர் கார்பஸா கொடுத்தது, எஃப்டில இருக்கு, வட்டிய மட்டும்தான் எடுக்கணும். ஆடிட்டர் ஃபீஸ், பிஎஃப், டிடிஎஸ்னு கட்ட வேண்டியது 60 ஆயிரம். கழிச்சு கழிச்சு வந்து கடைசில 3 லட்சத்து 40 ஆயிரம்னு எழுதி அடியில ரெண்டு கோடு போட்டாங்க. “நம்மகிட்ட இருக்குறது இதுதான்”னாங்க.

ரூம்ல யாரும் பேசல. அப்போ எங்க ஃபீல்ட் பாக்குற தங்கச்சி கேட்டா, “அப்போ சுண்டல் எதுல வருதுக்கா?”

சுண்டல் அந்த 3 லட்சத்து 40 ஆயிரத்துல வருது. எந்த சிஎஸ்ஆர் அக்ரிமென்ட்லயும் சாப்பாட்டுக்கு லைன் கிடையாது, அவங்க ஃபார்மட்ல “லேர்னிங் மெட்டீரியல்” இருக்கு, “கெபாசிட்டி பில்டிங்” இருக்கு, கொண்டைக்கடலை இல்ல. மூணு சென்டர் வாடகை, கரண்ட், சிலிண்டர், இந்தத் தங்கச்சியோட சம்பளம், போர்டுல எழுதிட்டு நிக்குற அந்த அக்காவோட சம்பளம், எல்லாம் அதுலதான். மாசம் 1 லட்சத்து 90 ஆயிரம். ரெண்டு மாசம்கூட முழுசா வராது. புள்ளைங்க தினம் உள்ள வந்து உக்கார்றதுக்குக் காரணமா இருக்குற அத்தனையும் ரெண்டு மாசத்துக்குக் குறைவான பணத்துல நிக்குது, அதுக்கு மேல 34 லட்சம் தொட முடியாம இருக்குது. அன்னிக்கு அந்த போர்ட நான் போன்ல படம் எடுத்து வச்சிக்கிட்டேன். பட்ஜெட் பத்தி நான் படிச்ச எதுவும் அந்த போர்டு அளவுக்குத் தெளிவா சொன்னதில்ல.

அன்னில இருந்து எங்க மாசக் கணக்குல முதல் வரி பேங்க் பேலன்ஸ் கிடையாது. “எந்தக் கட்டுப்பாடும் இல்லாம கையில இருக்குறது, இத்தனை மாசத்துக்கு வரும்”, இதுதான் முதல் வரி. வேற எதையும் படிக்க நேரமில்லாத ட்ரஸ்டிகூட அந்த ஒரு வரிய படிச்சிடுறாரு.

பாதி வாய்ப்புன்னா பாதிப் பணம் இல்ல

வர வேண்டிய பணத்த எப்படி எழுதுறதுங்கிறது அடுத்த சண்டை. பெரிய நிறுவனங்கள்ல ஒரு முறை இருக்கு, ஒவ்வொரு ப்ரொபோசலுக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம்னு போட்டு தொகைய அதால பெருக்கி வரவுல காட்டுவாங்க. 10 லட்சம் கேட்டிருக்கோம், கிடைக்க பாதி வாய்ப்பு, அதனால 5 லட்சம். ட்ரெய்னிங்ல எல்லாம் இததான் சொல்லித் தர்றாங்க. நாப்பது அம்பது டோனர் இருக்குற இடத்துல இது நியாயமா வேலை செய்யும், ஒருத்தர் தரலைன்னா இன்னொருத்தர் தருவாரு, மொத்தத்துல சராசரி வந்துடும். எங்களுக்கு பெரிய டோனர் மூணே பேர். அங்க 5 லட்சம்னு ஒண்ணு வரவே வராது, ஒண்ணு 10 வரும், இல்ல ஒண்ணும் வராது. 5ன்னு எழுதினா ரெண்டு நிலைமைக்கும் தயாரா இல்லாத ஒரு பட்ஜெட்தான் கையில இருக்கும். அதனால நாங்க சதவீதத்த விட்டுட்டோம். கையில இருக்கு, கையெழுத்தாகி இருக்கு, வாய் வார்த்தை, இப்படி மூணு பத்தி. வாய் வார்த்தைய நம்பி யாருக்கும் சம்பளம் போடுறதில்ல, எவ்வளவு பெரிய இடத்து வாய் வார்த்தையா இருந்தாலும் சரி.

அதுக்குப் பதிலா தேதி வச்சோம். நாலாவது சென்டருக்கு ஜூலை 15க்குள்ள அக்ரிமென்ட் கையெழுத்தாகலைன்னா இந்தக் கல்வியாண்டுல திறக்குறதில்லன்னு அந்த மீட்டிங்லயே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஜூலை 15 வந்துச்சு, கையெழுத்தாகல. அந்தத் தெருல ஏற்கனவே பேர் கேட்டு எழுதி வச்சிருந்த அம்மாங்ககிட்ட போய் அடுத்த ஜூன்தான்னு சொன்னது கஷ்டமா இருந்துச்சு. ஆனா பதட்டத்துல எடுத்த முடிவு இல்ல அது, ஏப்ரல்லயே நிதானமா யோசிச்சு எடுத்தது. அக்டோபர்ல அக்ரிமென்ட் வந்தப்போ, நடு வருஷத்துல திறக்க மாட்டோம், அடுத்த ஜூன்ல இருந்து ஆரம்பிக்கிற மாதிரி மாத்தித் தாங்கன்னு கேட்டோம், மாத்தித் தந்தாங்க.

பணம் குறைஞ்சா எதை எந்த வரிசைல நிறுத்துறதுங்கிறதையும் அப்படியே முன்கூட்டி எழுதி வச்சிருக்கோம். எல்லா லைன்லயும் 10 சதவீதம் வெட்டுறதுதான் வழக்கமா எல்லா இடத்துலயும் நடக்குறது, யாருக்கும் மனசு நோகாதுங்கிற ஒரே காரணத்துக்காக. அப்படி வெட்டினா டீச்சர் சம்பளம் அரைகுறை, நோட்டு அரைகுறை, ரெண்டு மாசத்துல நல்ல டீச்சர் வேற வேலைக்குப் போயிடுவா. எங்க வரிசைல முதல்ல நிறுத்துறது புது சென்டர், அப்புறம் ஆண்டு விழா, டூர், அப்புறம் சம்மர் கேம்ப். பத்தாவது படிக்கிற புள்ளைங்களோட கிளாஸும் சுண்டலும் கடைசி வரைக்கும் நிக்கக் கூடாது.

கையிருப்பு வைக்கலாமா

இதுக்கு எங்க மூத்த ட்ரஸ்டி ஒருத்தர் கடுமையா எதிர்ப்பு சொன்னாரு. “இன்னிக்கு ஒரு புள்ள ஃபீஸ் கட்ட முடியாம வாசல்ல நிக்குது, நாம எஃப்டி போட்டு வச்சிருக்கோம்னா மனசு எப்படி ஒப்பும்?” அவரு ஒயரிங்குக்குக் கைக்காசு கொடுத்த அதே மனுஷர், இதைக் கேக்க அவருக்கு எல்லா உரிமையும் இருக்கு. அந்தக் கேள்விக்கு எளிதான பதில் கிடையாது. இப்போ நிக்கிற புள்ள கண்ணுக்குத் தெரியுது, அடுத்த ஆகஸ்ட்ல நிக்கப் போற புள்ள கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு அந்த ஆகஸ்ட் எப்படி இருக்கும்னு தெரியும், ஏன்னா பக்கத்துத் தெருல வேற ஒரு ட்ரஸ்டோட சென்டர் அப்படி நடு வருஷத்துல மூடினாங்க. பணம் நின்னுச்சு, மாசக் கடைசில சாவிய வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டாங்க, அவங்க மேலயும் தப்பு இல்ல. அங்க இருந்து கொஞ்சப் புள்ளைங்க எங்க வாசலுக்கு வந்தாங்க. ஒம்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு அங்க போட்டுட்டு இருந்த கணக்கு நோட்ட எடுத்துட்டு வந்திருந்தா. அதுல அந்த டீச்சர் சிவப்பு மைல “நாளைக்கு மீதி” ன்னு எழுதியிருந்தாங்க, மீதிப் பக்கம் காலி. எங்க டீச்சர் அதே நோட்ட வாங்கி அதே கணக்குல இருந்து தொடங்கினா. அந்தப் பொண்ணுக்கு இடம் கிடைச்சுது, எல்லாருக்கும் கிடைக்கல, எங்க ரூம்ல அவ்வளவுதான் உக்கார முடியும். ஒரு புள்ளைய எட்டாவதுல சேத்துக்கிறோம்னா பத்தாவது பரிட்சை வரைக்கும் இருப்போம்னு அர்த்தம், அப்படின்னு அந்தப் புள்ளையும் அம்மாவும் நம்புறாங்க. கையிருப்பு அந்த நம்பிக்கைக்கான செலவு. அதனால நாங்க அதை மிச்சம்னு எழுதுறதில்ல, வாடகை மாதிரி மாசாமாசம் ஒரு செலவு லைனா பட்ஜெட்ல எழுதுறோம்.

சட்டமும் இதுக்கு இடம் கொடுக்குது, இது பல சின்ன ட்ரஸ்டுக்கே தெரியல. வருமான வரி விலக்கு வேணும்னா அந்த வருஷ வருமானத்துல 85 சதவீதம் நோக்கத்துக்குச் செலவு பண்ணணும், மீதி 15 சதவீதத்த எந்தக் காரணமும் சொல்லாம சேத்து வைக்கலாம். அதுக்கு மேலயும் வேணும்னா என்ன நோக்கத்துக்குன்னு எழுதி ஃபார்ம் கொடுத்து அஞ்சு வருஷம் வரைக்கும் வைக்கலாம். கார்பஸுக்குன்னு டோனர் எழுத்துல கொடுத்தா அது தனி. ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை உக்காந்து பேசினா போதும். “மார்ச்சுக்குள்ள எல்லாத்தையும் செலவு பண்ணியாகணும்”னு பயந்து தேவையில்லாத பிரிண்டர் வாங்குற ட்ரஸ்டுங்கள நான் பாத்திருக்கேன்.

எங்க இலக்கு ஆறு மாசப் பொதுச் செலவு. இப்போ தோராயமா மூணு மாசத்துக்கு இருக்கு. எடுக்கணும்னா ரெண்டு ட்ரஸ்டி கையெழுத்து, எதுக்குன்னு எழுத்துல, எப்போ திரும்ப நிரப்புவோம்னும் எழுத்துல. வெள்ளம், தீ மாதிரி வந்தா மறுநாளே எடுக்கலாம்னு தனியா ஒரு வரி, அது மூத்த ட்ரஸ்டி கேட்டு சேத்தது. ஃபீஸ் கட்ட முடியாத புள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு தொகை தனியா ஒதுக்கினதும் அவரால்தான். அவரு எதிர்க்கலைன்னா எங்க விதிமுறை வெறும் கணக்கு விதிமுறையா இருந்திருக்கும்.

கொடுக்குறவங்ககிட்ட கேக்குறது

கம்பெனி சிஎஸ்ஆர்ல இருக்குறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு விஷயம். “அட்மின் 5 சதவீதத்துக்கு மேல சட்டப்படி தர முடியாது”ன்னு எங்ககிட்ட சொல்றீங்க. விதில இருக்குற அந்த 5 சதவீதம் உங்க கம்பெனி உங்க சிஎஸ்ஆர் வேலைய நிர்வாகம் பண்ண ஆகுற பொதுச் செலவுக்கு. ஒரு ப்ராஜெக்ட்ட வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியா ஆகுற செலவு அந்த வரையறைக்குள்ள வராதுன்னு விதியே சொல்லுது. ஃபீல்டுக்குப் போய் வர்ற தங்கச்சி சம்பளமும், பணம் எப்படிச் செலவாச்சுன்னு காட்டுற யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட்ட உங்களுக்குத் தயார் பண்ற அக்கா சம்பளமும் இல்லாம உங்க ப்ராஜெக்ட் எங்க நடக்கும்? தயவு செஞ்சு உங்க லீகல் டீம்கிட்ட திரும்பக் கேளுங்க. முதல் தவணைய ஜூனுக்கு முன்னாடி விட முடிஞ்சா, தொகை கொஞ்சம் குறைஞ்சாலும் பரவால்ல, எங்களுக்கு அது மார்ச்ல வர்ற பெரிய தொகைய விட அதிகம்.

தனி ஆளா கொடுக்குறவங்களுக்கு ஒண்ணு. புது வருமான வரி முறைக்கு மாறினவங்களுக்கு டொனேஷனுக்கான 80ஜி வரிக் கழிவு கிடையாது, அதனால மார்ச் கடைசில வந்துட்டு இருந்த சின்னச் சின்ன டொனேஷன் எங்களுக்குக் குறைஞ்சிருக்கு. அந்த ஐநூறு, ஆயிரத்தோட அருமை அந்த போர்டப் பாத்த பிறகுதான் எல்லாருக்கும் முழுசா புரிஞ்சுது, ஏன்னா எந்தக் கட்டுப்பாடும் இல்லாம வர்ற பணம் பெரும்பாலும் அதுதான். மாசாமாசம் ஒரு சின்னத் தொகை ஆட்டோ டெபிட் போட்டு “எதுக்கு வேணும்னாலும் செலவு பண்ணுங்க”ன்னு சொல்றவங்கதான் எங்க வாடகையும் சுண்டலும். அந்தப் பெரியவருக்கு போர்டு படத்தையும், கணக்க நிறுத்தி நிதானமா விளக்கி ஒரு லெட்டரையும் அனுப்பினேன். அவரு அடுத்த தடவை அனுப்பினப்போ கூடவே ஒரு வரி எழுதியிருந்தாரு, இது கையிருப்புக்குன்னு.

இன்னும் தீராத ஒண்ணு இருக்கு. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடத்துல அஞ்சு வருஷம் முடிச்சவங்களுக்கு வேலைய விட்டுப் போறப்போ கிராஜுவிட்டி கொடுத்தாகணும், ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம். எங்க டீச்சர்ங்கள்ல நிறையப் பேர் அஞ்சு வருஷத்தத் தாண்டிட்டாங்க, அந்த அக்கவுன்ட்ஸ் அக்கா எப்பவோ தாண்டிட்டாங்க. எந்த டோனரும் இதுக்கு லைன் தர்றதில்ல, பேலன்ஸ் ஷீட்லயும் இதுக்குன்னு தனியா ஒதுக்கினது இல்ல. ஆனா கொடுத்தே ஆக வேண்டிய பணம் இது, அந்த 3 லட்சத்து 40 ஆயிரத்துல இதையும் கழிச்சிருந்தா மிச்சம் ரொம்பக் கம்மி. எல்ஐசில குரூப் கிராஜுவிட்டி போட மாசம் எவ்வளவு ஆகும்னு கேட்டு வாங்கி வச்சிருக்கோம். அடுத்த ட்ரஸ்டி மீட்டிங்ல அஞ்சாவது சென்டர் பேச்சுக்கு முன்னாடி இதை எடுக்கணும்னு அஜென்டால முதல் நம்பரா போட்டிருக்கேன்.